பாதரசம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

பாப்பா, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதை எழுதக் கை வரும். நீ மெட்ராசில் என்ன படிக்கிறாய் என்று கம்பெனியில் யார் கேட்டாலும் நான் "கேஸ் படிக்குது" என்றுதான் சொல்லி வந்தேன். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். கேட்டவர்கள் அதை அடுப்பு கேஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று சொன்னால் பிறகு என்ன என்று விளக்க வேண்டிவருமே என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் மேனேஜர் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று அவருடைய டிரைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். "உன் பொண்ணு கேஸ் எக்ஸ்பர்ட்டாமே, கூட்டிக்கினு வாயா" என்றான். பொண்ணுக்குப் பரீட்சை என்றேன். "அப்ப நீ வா, ஊட்ல பேசிக்குவீங்க இல்ல" என்றான். போனேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்க்க, அடுப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன், குழாயை இரண்டு தட்டுத் தட்டினேன், கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா ரொம்ப நாள் விறகில் சமைத்ததாகக் கேள்வி.

நீ வேலைக்கென்று பரோடா வண்டி ஏறின அன்றைக்கு உன் அம்மா புளிச்சோற்றோடு ஒரு ஜில்லாவுக்குப் போதுமான புத்திமதியும் கட்டிக்கொடுத்தாள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி அசைகிற நேரத்தில் என் வாயில் வந்தது, "கண்ணாடிய எறக்கி உட்டுக்க" என்பதுதான். நீ, "காத்து வேணும் நைனா" என்றாய். அதோடு வண்டி போய்விட்டது. ஊரில் இருக்கிறவன், போகிறவன், வால்வு திருப்புகிறவன், வாட்ச்மேன் என்று யாரையும் கிண்டல் பண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது, உனக்கே தெரியும். ஆனால் வாய் வேண்டிய இடத்தில் அது எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்கும் அப்படித்தான், கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீ எட்ட இருக்கிறாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது உன் காலேஜில் ஸ்டிரைக். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். நீ கடைசிப் பரிசோதனையை முடித்துக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் எம்.எஸ்சி. என்று இருந்தது. ஸ்டிரைக் முடிகிறவரை காத்திருந்தால் நாள் தாண்டிவிடும், ஒரு வருஷம் போய்விடும். உன் வாத்தியார் நல்ல மனுஷர். வேறு எங்கேயாவது சூடு நிலையாக நிற்கிற எண்ணெய்த் தொட்டி கிடைத்தால் கண்ணாடிச் சாமான்களை எடுத்துப் போய்ச் செய்துகொள் என்று சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனி லேபில் அப்படி ஒன்று இருந்தது. கரண்ட் போனாலும் கம்பெனிக்கு ஜெனரேட்டர் உண்டு. நான் லேப் ஆபீசரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். "ஞாயித்துக்கிழமை யாரும் இருக்கமாட்டாங்க, திங்கக்கிழமை நான் வர்றப்ப மேஜை சுத்தமா இருக்கணும்" என்று சாவியைக் கொடுத்தார். என் ஆயுசில் நான் உன் படிப்புக்குச் செய்த ஒரே உதவி அந்தத் தலையைச் சொறிந்ததுதான்.

சனிக்கிழமை நம் ஊர் திருப்பாச்சூரிலிருந்து கிளம்பினோம். குமிழ் வைத்த கண்ணாடிக் குடுவை உன் மடியில். பாதரசம் ஊற்றுகிற வளைந்த கண்ணாடிக் குழாயை உன் அம்மாவின் பழைய சேலையில் சுற்றி நான் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். ஊத்துக்கோட்டையில் பஸ் மாறும்போது கண்டக்டர், "இன்னா பெரியவரே, வீணைக் கச்சேரியா?" என்றான். "ஆமாம்பா, என் பொண்ணு வாசிக்கும், நான் தூக்குவேன்" என்றேன். நீ சிரிக்கவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் உன் கை என் தோள் பக்கம் நீண்டது. என்னைப் பிடிக்க என்று நினைத்தேன். குழாயைப் பிடிக்க. என்னோடு வேலை செய்கிறவர் வீட்டில் அவருடைய சம்சாரத்தோடு நீ தங்கினாய். காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு லேபைத் திறந்தோம்.

நீ அன்றைக்கு எனக்குச் சொன்னதை நான் எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறேன் என்று பார். சூடான எண்ணெய்க்குள் குடுவை. அதற்குள் காற்றே இல்லை. ஊசியால் கொஞ்சம் மருந்து உள்ளே விட்டால் அது உடனே ஆவியாகிவிடும். அப்புறம் அந்த ஆவி துண்டு துண்டாக உடையும், ஒன்று மூன்றாக. மூன்றானால் உள்ளே நெரிசல், நெரிசலானால் சுவரைத் தள்ளும், தள்ளினால் வெளியே குழாயில் பாதரசம் ஏறும். "ஒண்ணு மூணாச்சின்னா பேஜாருதான், என் கதையப் பாரு" என்றேன். "கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடி நான் ஒண்டி. உங்கம்மா, நீ, ஆக மூணு. என் தலையில அழுத்தம் எவ்ளோ ஏறிகீது தெரியுமா?" நீ ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நைனா, நீ கடியாரத்தப் பாத்து நேரம் சொல்லு, வாயால வேற எதுவும் சொல்லாத" என்றாய். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் "டைம்" என்பேன். நீ குனிந்து பாதரசத்தின் உயரத்தைப் படித்து எழுதுவாய். என் ஒரு வார்த்தைக்கு நீ இப்படி உடனே கட்டுப்பட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

குடுவைக்குள்ளே இன்னும் எவ்வளவு மருந்து உடையாமல் இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. வெளியே அது தள்ளுகிற தள்ளுதான் தெரியும். எல்லாம் உடைந்து தீர்ந்தபிறகு பாதரசம் எங்கே போய் நிற்கிறதோ, அந்தக் கடைசி உயரத்திலிருந்து இப்போதைய உயரத்தைக் கழித்தால், மிச்சம் இருக்கிற மருந்தின் கணக்கு கிடைத்துவிடும் என்றாய். அந்தக் கடைசி அளவுக்கு உங்கள் புத்தகத்தில் முடிவில்லாத நேரத்தின் அளவு என்று பேராம். எட்டைப் படுக்கவைத்த மாதிரி ஒரு குறியும் போட்டுக் காட்டினாய். "முடிவில்லாத நேரம் எப்ப வரும் பாப்பா?" என்று கேட்டேன். "நாளைக்குக் காலைல வந்துடும் நைனா" என்றாய். படித்தவர்கள் வீட்டில் முடிவில்லாதது கூட ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும் போல.

இதே பரிசோதனையை ஸ்டிரைக்குக்கு முன்னால் காலேஜில் ஒருமுறை செய்து முடித்திருந்தாய். அப்படியானால் எதற்கு மறுபடியும் என்று கேட்டேன். அதில் மருந்து அதிகம், இதில் குறைவு என்றாய். மிச்சக் கணக்கை லாக் டேபிள் பார்த்து மாற்றி, நேரத்துக்கு எதிராகக் கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைத்தால் நேர்கோடு வரவேண்டும். வந்தால் அது முதல்வகை வினை. கோடு சாய்கிற சாய்வில் வேக மாறிலி இருக்கிறது. ஆனால் ஒரு தடவை நேராக வந்தால் மட்டும் நம்பமாட்டார்கள், குறைவாக மருந்து விட்டாலும் அதே சாய்வு வரவேண்டும், பாதி தீர்கிற நேரமும் அதேயாக இருக்கவேண்டும் என்றாய். இது எனக்கு அதிசயமாக இருந்தது. அண்டா நிறையச் சோறு இருந்தாலும் கிண்ணத்தில் கொஞ்சம் இருந்தாலும் பாதி காலியாக ஒரே நேரமா? "ஒவ்வொண்ணும் தன்னால ஒடையுது நைனா. பக்கத்துல எத்தினி பேரு கீறாங்கன்னு அது பாக்கறதே இல்ல" என்றாய். நான் கூலி வேலை செய்த வயலில், பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் நாங்கள் குனிந்ததும் இல்லை, நிமிர்ந்ததும் இல்லை. அதனால் அந்த ஆவியின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் வாசலில் கார் சத்தம். பொதட்டூர்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருவதாகத்தான் பேச்சு. நாள் நன்றாக இருக்கிறது என்று அவர்களாகவே முன்னால் இழுத்துக்கொண்டு, காலையில் நம் வீட்டில் போய் இறங்கியிருக்கிறார்கள். உன் அம்மா பதறிப்போய், அப்பாவும் பெண்ணும் கம்பெனியில் இருக்கிறார்கள், சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்றிருக்கிறாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் காத்திருக்கிற ஜாதி இல்லை. வாடகை அம்பாசடர் கையில் இருந்தது. பையனை மட்டும் ஏற்றிக்கொண்டு நேரே கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார். வாட்ச்மேன் என் சம்பந்தி என்று நினைத்துச் சல்யூட் அடித்து உள்ளே விட்டான்.

"இன்னா மாமா, பொண்ண இங்க கொண்டாந்து ஒளிச்சி வெச்சிகிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் லேபுக்குள் வந்தார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் அந்தப் பையன், கவர்மெண்டு ஆபீஸ் கிளார்க், தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாங்க வாங்க என்றேன், ஸ்டூலை இழுத்துப் போட்டேன், துண்டால் தட்டினேன். நீ திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. "வாங்க. ஒரு நிமிஷம். நைனா, டைம்?" நான் "டைம்" என்றேன். நீ குனிந்து எழுதினாய். அவர்கள் உன் பின்னலைப் பார்த்தார்கள்.

"பொண்ணு திரும்பாதா?" என்றார் மாமன்.

"திரும்பும் திரும்பும். அது இப்ப ஒரு ரீடிங்ல கீது" என்றேன்.

"ரீடிங்குன்னா?"

"கேஸ் படிக்குதுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

சோடா வாங்கிவர நான் வெளியே ஓடினேன். கடியாரத்தை உன் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனேன். இரண்டு கையிலும் கோலி சோடாவோடு திரும்பி வாசல்படியில் கால் வைத்தபோது மாமன் எழுந்து நின்றிருந்தார். மூலையில் கிடந்த மேஜை மின்விசிறியைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்திருந்தார். சுவரில் இருந்த ஒரே பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு விசிறியின் பிளக்கைச் சொருகினார். விசிறி சுற்றியது. "அப்பாடா" என்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். கீழே கிடந்தது உன் எண்ணெய்த் தொட்டியின் ஹீட்டர்.

பாப்பா, எனக்குத் தெரியும் அது எந்தப் பிளக் என்று. காலையில் என் கையாலேயே மாட்டினேன். ஒரு வார்த்தை போதும். ஆனால் பெண்ணைப் பெற்றவன், பெண் பார்க்க வந்த தாய்மாமனிடம், வேர்வை வடிய வடிய நிற்கிறவரிடம், காற்றை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்லுவான்? எங்கள் பக்கம் அப்படிச் சொன்னவன் ஒருத்தனும் இல்லை. சோடாவைப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன். அந்தப் பையன் நிமிர்ந்து கீழே கிடந்த பிளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான், மறுபடி செருப்பைப் பார்த்தான். அவனுக்கும் என் வியாதிதான். நீயோ பாதரசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த அளவு எடுத்தாய். பேனா நின்றது. இன்னொன்று எடுத்தாய். ஏறவேண்டியது ஏறவில்லை. உன் தோள் இறங்கினதை நான் பார்த்தேன். இத்தனை மாதம் உழைத்த வினை கண் முன்னால் தன்னால் சோம்பிப் போகிறது, நீ நினைத்த வகையே அது இல்லை என்று அந்த நிமிஷத்தில் நீ நம்பிவிட்டாய். காரணம் எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை, நான் பேசவில்லை.

அப்போதுதான் நீ அளவு எழுதிக்கொண்டிருந்த காகிதம் விசிறிக் காற்றில் படபடத்தது. திரும்பினாய். அவர்கள் உன் முகத்தை முதல்தடவை பார்த்தது அப்போதுதான். எண்ணெய்ப் புகையும் கண்ணீருமாக இருந்தது, ஒரு மணப்பெண் முகம் என்று அதைச் சொல்ல முடியாது. விசிறியைப் பார்த்தாய், பிளக்கைப் பார்த்தாய்.

"மாமா, அத்த எடுத்துட்டு இந்த பிளக்க மாட்டுங்க. இது எரிஞ்சிக்கினே இருக்கணும்."

"இன்னாம்மா இது, மனுசாளவிட எண்ண பெருசா பூட்ச்சா?"

"இன்னிக்கி மட்டும் பெருசு மாமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் சோடாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீயே நடந்துபோய் விசிறியைப் பிடுங்கி ஹீட்டரைச் சொருகினாய். மாமன் விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார். பையன் மட்டும் வாசலில் நின்று, மெதுவாக, "அது மறுபடி பழைய சூட்டுக்கு வர எவ்ளோ நேரம் ஆவுங்க?" என்று கேட்டான். "அரைமணி ஆவும்" என்றாய். "நான் சொல்லியிருக்கணும்" என்றான். ஹாரன் அடித்தது, போய்விட்டான். நான் இரண்டு சோடாவையும் நானே குடித்தேன்.

எல்லாம் போயிற்றா என்று கேட்க எனக்குப் பயம். நீயே சொன்னாய். பிளக்கைப் பிடுங்குகிறவரை எடுத்த அளவுகள் நல்ல அளவுகள், அவை போதும் என்றாய். கடைசி உயரம்தான் இன்னும் வேண்டும். எண்ணெய் பழைய சூட்டுக்கு வந்து, மருந்து முழுக்க உடைந்து தீர்ந்தால் அது கிடைத்துவிடும். "நடுவுல ஆறிப்போனா முடிவு மாறாது நைனா. வேகந்தான் மாறும்." நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். மறுநாள் காலையில் பாதரசம் நின்ற இடத்தைப் படித்தாய், ஆரம்பத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஸ்டூலில் உட்கார்ந்து கழித்தாய், லாக் டேபிளைப் புரட்டினாய், புள்ளி வைத்தாய். மாமன் விசிறி போடுகிறவரை கோடு நூல் பிடித்த மாதிரி. அங்கிருந்து முழங்கால் மடங்கின மாதிரி வளைந்தது. நேரான பகுதியின் சாய்வு காலேஜில் எடுத்ததோடு ஒத்துப்போயிற்று. வளைந்த புள்ளிகளை ரப்பர் வைத்து அழித்துவிடேன் என்றேன். "அது நடந்துது இல்ல நைனா" என்று விட்டுவிட்டாய். பிறகு பரீட்சையில் அது என்ன என்று கேட்டார்களாமே, ஹீட்டர் அணைந்துவிட்டது என்று சொன்னாயாம். யார் அணைத்தது என்று அவர்கள் கேட்கவில்லையாம்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து தகவல் வந்தது. பெண் எதிர்த்துப் பேசுகிறது என்று. உன் அம்மா அந்தப் பழியை என் தலையில் போட்டாள், நியாயம்தான். அந்தப் பையனுக்குத் திருத்தணியில் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டானே, அவனைப் பற்றி நீ ஏதாவது நினைத்தாயா என்று உன்னைக் கேட்க நான் பலமுறை வாயெடுத்தேன். பஸ்ஸில் வாயெடுத்தேன், சோறு போடும்போது வாயெடுத்தேன், பரோடா வண்டியின் ஜன்னலில் வாயெடுத்தேன். கண்ணாடியை இறக்கச் சொன்னது அதற்குப் பதிலாக வந்ததுதான். இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது? பதில் எழுதாதே. எழுதினாலும் நான் என்ன செய்வேன்?

புத்திமதி என்று கேட்டால் என்னிடம் இல்லை பாப்பா. அங்கே நீ எந்தக் குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், யார் வந்து எதைப் பிடுங்கினாலும், நான் வாசல்படியில் சோடாவோடுகூட நிற்கமாட்டேன். முன்னே நின்றபோதும் ஒன்றும் செய்யவில்லை, இப்போது நிற்கக்கூட இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நீ திரும்பிப் பார்த்து நீயே மாட்டிக்கொள்ளுவாய் என்று தெரியும். அது எனக்கு ஆறுதலா, கஷ்டமா என்று இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே ரொட்டிதானாம், பரவாயில்லை, சாப்பிடு.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை காலை ஸ்டிரைக் முடிந்தது என்று கேள்விப்பட்டு, நீ குடுவையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். பாதரசக் குழாயை அடுத்த ஞாயிறு வந்து கழற்றுகிறேன், தொடாதே என்றாய். ஆனால் ஆபீசர் மேஜை சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் குழாயைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். தூக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தது. பாதரசம் மேஜை மேலும் தரையிலும் உருண்டது. ஆபீசர் வருவதற்குள் கையாலும் காகிதத்தாலும் கூட்டி அள்ளிப் பாட்டிலில் போட்டேன். கல்யாணத்தில் உன் அம்மா வீட்டில் போட்ட தங்க மோதிரம் விரலில் இருந்தது. பாதரசம் பட்டு அது வெள்ளையாகிவிட்டது. தேய்த்துப் பார்த்தேன், இன்னும் வெள்ளையாயிற்று. சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். உன் அம்மா சோறு போடும்போது, "மோதிரம் எங்க?" என்றாள். விரலைக் காட்டினேன். "இது வெள்ளி" என்றாள். ஆமாம் என்றேன். ரசம் ஊற்றினாள்.